மெழுகு முதல் நஞ்சு வரை: முகச்சுருக்க ஊசிகளின் வரலாறு

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. அகத்தில் இல்லாத முதுமையும் சேர்ந்து தெரிகிறதே என்பதுதான் பலருடைய குறை. நெற்றியிலும் புருவங்களுக்கு நடுவிலும் விழும் கோடுகளை ஊசி மருந்தினால் மறைத்துக்கொள்ளும் வழக்கம் இன்று பரவலாகிவிட்டது. இதற்காக மருத்துவரை நாடுவோர் பெரும்பாலும் மூன்று கேள்விகளைக் கேட்கின்றனர். ‘இதன் பயன் நிலையாக இருக்குமா? நஞ்சு என்கிறார்களே, உடலெங்கும் பரவிவிடாதா? தவறு நேர்ந்தால் சரிசெய்ய முடியுமா?’ இம்மூன்றிற்கும் உரிய விடைகளைக் கடந்த நூற்றிருபது ஆண்டு வரலாறு கற்றுத் தந்திருக்கிறது. அப்படிக் கற்றதற்கு மனிதர் கொடுத்த விலையும் சிறிதன்று.

மெழுகின் காலம்

1899-ஆம் ஆண்டில் வியன்னா நகரின் அறுவை மருத்துவர் ராபர்ட் கெர்சூனி, நோயினால் உறுப்பொன்றை இழந்த இளைஞர் ஒருவருக்கு, அந்த வெற்றிடத்தை நிரப்ப வாசலைனை ஊசி வழியே செலுத்தினார். முறை வெற்றி பெற்றதாகவே தோன்றியது. விரைவில் மருத்துவர்கள் பாரஃபின் மெழுகைக் கொண்டு அமுங்கிய மூக்குகளை நிமிர்த்தவும், கன்னக்குழிகளையும் சுருக்கங்களையும் நிரப்பவும் தொடங்கினர்.

பாரஃபின் கச்சா எண்ணெயிலிருந்து கிடைப்பது. எளிதில் வேதிவினை புரியாதது. சூடாக்கினால் நீர்மமாகி ஊசிக்குள் பாயும். உடலுக்குள் சென்று குளிர்ந்ததும் திண்மமாகி நின்றுவிடும். ‘ஒரு முறை போட்டால் ஆயுள் முழுவதும் போதும்’ என்ற எண்ணத்தை அதுவே தந்தது.

ஆனால் இங்கே ஓர் எளிய இயற்பியல் சிக்கல் ஒளிந்திருந்தது. நம் உடலின் வெப்பநிலை ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸ். மெழுகின் உருகுநிலை இதற்குச் சற்றே மேலாக இருந்தால், அது உடலுக்குள் எப்போதும் இளகிய நிலையிலேயே இருந்து மெல்ல இடம் பெயரும். உருகுநிலை மிக அதிகமாக இருந்தாலோ, கொதிக்கக் கொதிக்கச் செலுத்த வேண்டியிருக்கும்; திசுக்கள் வெந்துபோகும். இரண்டிற்கும் நடுவே பாதுகாப்பான வெப்பநிலை எதுவும் கிடைக்கவில்லை.

இதைவிடப் பெரிய தொல்லை உடலின் எதிர்ப்பினால் வந்தது. அந்நியப் பொருளைக் கரைக்க இயலாத உடல், அதைச் சுற்றி நாரிழைகளாலான சுவர் எழுப்பியது. மாதங்களோ ஆண்டுகளோ கழித்து முகத்தில் கெட்டிக் கட்டிகள் தோன்றின. மெழுகு திசுக்களுக்குள் ஊடுருவியிருந்ததால் வெட்டி எடுப்பதும் கடினமாயிற்று. பிற்காலத்தில் மார்ல்பரோ கோமகனை மணந்த கிளாடிஸ் டீக்கன் என்ற அமெரிக்க அழகி, தம் இருபத்திரண்டாம் வயதளவில் மூக்கை நேராக்க மெழுகூசி போட்டுக்கொண்டார். மெழுகு கீழே நழுவி, புகழ்பெற்ற அந்த முகத்தை உருக்குலைத்துவிட்டது. மெழுகு இரத்தக்குழாயில் புகுந்து கண்பார்வை பறிபோன நிகழ்ச்சிகளும் மருத்துவ ஏடுகளில் இடம்பெற்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதே ஆசை வேறு வடிவில் திரும்பி வந்தது. இம்முறை திரவ சிலிக்கோன். அதுவும் உடலில் கரையாது. அதுவும் இடம் பெயர்ந்தது. அதுவும் கட்டிகளைத் தந்தது. கேடு பெருகியதைக் கண்ட அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 1970-களில் சிலிக்கோன் ஊசியைச் சட்டத்தின் மூலம் தடை செய்தது.

கரையும் நிரப்பிகள்

இந்த அனுபவங்கள் மருத்துவர்களின் எண்ணத்தைத் தலைகீழாக மாற்றின. உடலிலேயே உள்ள, உடலால் கரைக்கக்கூடிய பொருளைத் தேடினர். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை மாட்டுத் தோலிலிருந்து பிரித்துத் தூய்மையாக்கிய ஊசி மருந்துக்கு 1981-இல் அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. இதன் பயன் சில மாதங்களே நீடித்தது. மாட்டுப் புரதமாதலால் சிலருக்கு ஒவ்வாமை ஏற்பட்டது. எனவே முன்கூட்டியே கையில் சிறிதளவு செலுத்திச் சோதிக்க வேண்டியிருந்தது.

இக்குறையைப் போக்கியது ஹையலூரானிக் அமிலம். 1934-இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டின் விழிக்குள் இருக்கும் கூழிலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். நீண்ட சங்கிலி போன்ற இந்தச் சர்க்கரை மூலக்கூறு தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்க வல்லது. எல்லா விலங்குகளிலும் இதன் அமைப்பு ஒன்றே. ஆகவே ஒவ்வாமை அரிது. சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் ஏற்படுத்தினால் கூழ் விரைவில் கரையாமல் பல மாதங்கள் தங்குகிறது. முகச்சுருக்கங்களை நிரப்ப இவ்வகைக் கூழுக்கு 2003-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

இறைச்சியில் பிறந்த நஞ்சு

நிரப்பிகள் பள்ளத்தை மேடாக்குகின்றன. இரண்டாவது வகை ஊசியோ கோட்டை உண்டாக்கும் தசையையே ஓய்வு கொள்ளச் செய்கிறது. இதன் கதை ஜெர்மனியின் ஊர்ப்புறங்களில் தொடங்குகிறது. கெட்டுப்போன இறைச்சிக் குடல்வடைகளை உண்டவர்கள் இமை சரிந்து, பேச்சுக் குழறி, மூச்சடங்கி இறப்பதைக் கண்ட யுஸ்டினஸ் கெர்னர் என்ற மருத்துவர், 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதை விரிவாக ஆராய்ந்தார். அந்நஞ்சைச் சிறிதளவு தாமே உட்கொண்டும் சோதித்தார். நரம்புகள் அளவுக்கு மீறி இயங்கும் நோய்களுக்கு இந்நஞ்சே ஒருநாள் மருந்தாகலாம் என்றும் அவர் எழுதிவைத்தார்.

1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எலசெல் கிராமத்தில் உப்பிட்ட பன்றி இறைச்சியை உண்ட வாத்தியக் குழுவினர் பலர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். அந்த இறைச்சியிலிருந்து எமில் வான் எர்மெங்கம் ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். காற்றில்லாத இடத்தில் வளரும் அந்த பாக்டீரியாவே நஞ்சைச் சுரக்கிறது. இறைச்சிக் குடல்வடையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே ‘போட்டுலினம்’ என்ற பெயர் வந்தது.

நஞ்சு என்ன செய்கிறது என்பது 1949-இல் தெளிவாயிற்று. தசை சுருங்க வேண்டுமானால் நரம்பு முனையிலிருந்து அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிவர வேண்டும். போட்டுலினம் நச்சு அந்த வெளியேற்றத்தை அடைத்துவிடுகிறது. கட்டளை வராத தசை தளர்ந்து கிடக்கிறது.

சான்பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட், மாறுகண்ணை அறுவையின்றித் திருத்த இந்நஞ்சைப் பயன்படுத்தலாம் என்று கருதினார். 1973-இல் குரங்குகளிடம் செய்த சோதனையை வெளியிட்டு, பின்னர் மனிதருக்கும் அளித்து வெற்றி கண்டார். 1989-இல் மாறுகண்ணுக்கும் இமைப்பிடிப்பு நோய்க்கும் ஒப்புதல் கிடைத்தது.

அதற்கு முன்பே, 1987-இல், கனடாவின் வான்கூவர் நகரில் இமைப்பிடிப்புக்கு ஊசி போட்டுவந்த கண் மருத்துவர் ஜீன் கரூதர்ஸிடம் நோயாளி ஒருவர் வியப்பான குறையொன்றைச் சொன்னார்: இம்முறை தமக்குப் புருவ நடுவில் ஊசி போடவில்லையே என்பது! அங்கே போட்டால் முகம் கவலையற்றுத் தெளிவாக இருந்ததாம். ஜீனின் கணவர் அலஸ்டைர் தோல் மருத்துவர். இருவரும் சேர்ந்து ஆராய்ந்து 1992-இல் முடிவுகளை வெளியிட்டனர். 2002-இல் புருவ நடுக்கோடுகளுக்கு இம்மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

மூன்று கேள்விகளுக்கு விடை

நிலைக்குமா? நிலைக்காது. நரம்பு முனைகள் படிப்படியாகத் தம் செயலை மீண்டும் பெறுவதால் போட்டுலினம் ஊசியின் பயன் மூன்று நான்கு மாதங்களில் மறையும். இது குறை போலத் தோன்றும். ஆனால் மருந்து சற்றே தள்ளிப் பரவி இமை சரிந்தால் அதுவும் சில வாரங்களில் தானே சரியாவது இதனால்தான். மெழுகு நிலையாக இருந்தது. அதனால் அதன் கேடும் நிலைத்தது.

நஞ்சு பரவாதா? புருவ நடுக்கோடுகளுக்குச் செலுத்தப்படும் நச்சின் அளவு ஒரு கிராமில் ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு பங்கு. இது பெரும்பாலும் போட்ட இடத்திலேயே தங்கிவிடுகிறது. அளவு பிறழ்ந்தால் கதை வேறு. 2004-இல் ஃபுளோரிடாவில், ஆய்வுக்கூடத்திற்கென விற்கப்பட்ட, மருந்தாக உரிமம் பெறாத நச்சை ஊசியாகப் பெற்ற நால்வர் உடல் செயலிழந்து மருத்துவமனையில் கிடந்தனர். ஆகவே புட்டியில் இருப்பது என்ன, ஊசி போடுபவர் தகுதி பெற்ற மருத்துவரா என்று கேட்டறிவது நோயாளியின் உரிமை.

தவறினால் சரிசெய்யலாமா? ஹையலூரானிக் கூழை ஹையலூரானிடேஸ் என்ற நொதியால் கரைத்துவிடலாம். ஆயினும் ஓர் ஆபத்து உண்டு. மூக்கு, நெற்றி ஆகியவற்றின் தமனிகள் கண்ணுக்குச் செல்லும் தமனியோடு இணைந்தவை. ஊசிமுனை தமனிக்குள் இருக்கையில், இரத்த அழுத்தத்தை மிஞ்சும் விசையோடு அழுத்தினால் கூழ் எதிர்த்திசையில் ஓடும்; அழுத்தம் நின்றதும் இரத்தம் அதை விழித்திரைக் குழாய்க்குள் தள்ளி அடைத்துவிடும். அரிதாகவே நேர்ந்தாலும், இழந்த பார்வை மீள்வது மிகக் கடினம். முகத்தின் உட்கூறு அறிந்தவர் மெதுவாகவும் சிறுசிறு அளவிலும் செலுத்துவது இதனால்தான்.

‘என்றும் அழியாதது’ என்று யாரேனும் ஓர் ஊசியை விளம்பரம் செய்தால் மெழுகின் வரலாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கரைந்து மறைவது முகத்துக்குள் செல்லும் மருந்துக்கு ஒரு பெருமை. அதை அறிந்துகொள்ள மருத்துவத்துக்கு எண்பது ஆண்டுகள் ஆயின.