சுண்ணாம்புக் கலயமும் பியர் புட்டியும்

ஒரு பானம் நூறாண்டு தாண்டி நிலைத்தால் அதன் சுவையைத்தான் புகழ்கிறோம். அது பாதிக் காரணமே. கெடாமல் காக்கும் வழியும் அரசின் சட்டமுமே மீதியை முடிவு செய்கின்றன. பட்வைசர் பியரையும் கன்னியாகுமரி மாவட்டத்தின் திற்பரப்பு வட்டாரம் அறிந்த அக்கானி என்னும் பதநீரையும் பக்கத்தில் வைத்தால் இது தெளிவாகும்.

1876-இல் செயின்ட் லூயிஸ் நகரில் அடால்ஃபஸ் புஷ் பட்வைசரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். புட்டியிலிட்ட பியரைப் பாஸ்டர் முறையில் சூடாக்கினார். குளிரூட்டிய ரயில் பெட்டிகளில் தொலைதூரம் அனுப்பினார். 1920-இல் அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தது. நிறுவனம் ஈஸ்ட், மால்ட் சாறு, ஐஸ்கிரீம் விற்றுத் தாக்குப்பிடித்தது. 1933-இல் பியருக்கு வழி திறந்தபோது ஆலையும் பெயரும் அப்படியே இருந்தன. முதல் இல்லாத சிறு ஆலைகள் பல அதற்குள் மூடப்பட்டிருந்தன.

பனையேறிக்கு ஆலை கிடையாது. பாளையைக் கடிப்பால் இடுக்கி நசுக்கிப் பதப்படுத்துகிறார். நுனியை அன்றாடம் மெல்லிசாகச் சீவிக் கலயத்தைக் கட்டுகிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது அக்கானி, தடவாவிட்டால் கள். காற்றிலுள்ள ஈஸ்ட் சில மணி நேரத்திலேயே சாற்றைப் புளிக்க வைத்துவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மை அதைத் தடுக்கிறது. புஷ் நெருப்பால் செய்ததை இங்கே ஒரு விரல் சுண்ணாம்பு செய்கிறது, ஆனால் ஒரு பொழுதுக்கு மட்டும். அதனால் அக்கானி பனைமூட்டிலேயே, ஓலைப்பட்டையில் ஊற்றிக் குடிக்கும் பானமாக நின்றது. வெளியூர் போனது அதைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுத்த கருப்புக்கட்டிதான்.

தமிழ்நாட்டில் 1987 ஜனவரி முதல் கள் இறக்கத் தடை. பியரை அரசு நிறுவனமான டாஸ்மாக் விற்கிறது. 2003 முதல் சில்லறைக் கடைகளும் அதன் கையில். கள்ளின் போதை பெரும்பாலும் பியரை ஒட்டியதே. திற்பரப்பிலிருந்து மேற்கே சற்றுத் தொலைவில் கேரள எல்லை. அங்கே கள் உரிமத்தோடு விற்கப்படுகிறது. ஆகவே இத்தடையை உடல்நலத்தால் மட்டும் விளக்க முடியாது. ஆலையில் அடைத்த புட்டியை எண்ணலாம், முத்திரையிடலாம், வரி விதிக்கலாம். மரத்துக்கு மரம், நாளுக்கு நாள் மாறும் கலயத்தை அப்படிக் கணக்கில் கொண்டுவருவது கடினம். கணக்குக்கு அடங்கியதைச் சட்டம் ஏற்றது, அடங்காததை விலக்கியது. இழப்பு முழுவதும் ஏறும் தொழிலாளியின் தலையில் விழுந்தது. இதை அநீதி என்றே சொல்வேன்.

திற்பரப்பைச் சுற்றிய மலையடிவாரம் இன்று ரப்பர் நாடு. விடியுமுன் பட்டையைச் சீவிச் சிரட்டையில் பால் பிடிக்கும் தொழிலாளியின் கைத்திறன் பனையேறியின் திறனுக்குக் குறைந்ததல்ல. ஆனால் ரப்பருக்கு அன்றாடச் சந்தை விலை உண்டு. அக்கானிக்கு அது இல்லை. 2021-இல் தமிழக அரசு பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்தது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றது. நல்ல முடிவு. ஆனால் அது மரத்தைத்தான் காக்கும். அக்கானியைப் பதப்படுத்திக் குளிரூட்டி விற்கும் கூட்டுறவும், ஏறுபவருக்கு நிலையான கூலியும் வந்தால்தான் அந்த மரத்தில் அடுத்த தலைமுறை ஏறும்.