தொண்ணூற்றிரண்டு நாடாக்கள்

அந்த வீடியோ நாடாக்கள் பிறந்தது தாய்லாந்தில், 2002 ஏப்ரலில். பாகிஸ்தானின் ஃபைசலாபாத்தில் குண்டடிபட்டுப் பிடிபட்ட, அல் கொய்தா ஆள் என்று சந்தேகிக்கப்பட்ட அபு சுபைதாவை அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. அங்கே ரகசியச் சிறையில் வைத்திருந்தது. ஆள் இறந்துபோனால், சிகிச்சை கொடுத்தோம் என்று காட்ட சாட்சி வேண்டும். அதற்காகவே கேமராவை ஓடவிட்டார்கள். ஆகஸ்டில் அதே கேமரா வேறொன்றைப் பார்த்தது: பலகையில் கட்டி, முகத்தில் துணி போட்டு, மூச்சுத் திணறத் தண்ணீர் ஊற்றினார்கள்.

டிசம்பரில் பதிவு நின்றது. 90 நாடாக்கள் சுபைதாவுடையவை, 2 இன்னொரு கைதியான அல் நஷீரியுடையவை. எல்லாம் பாங்காக்கில் ஒரு பெட்டகத்துக்குள் போயின.

2003 மே மாதம் சி.ஐ.ஏ.வின் தலைமை ஆய்வாளர் ஜான் ஹெல்கர்சனின் ஆட்கள் அவற்றைப் போட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் ஊற்றியது 83 முறை என்று எண்ணினார்கள். 11 நாடாக்களில் எதுவுமே பதிவாகவில்லை. இரண்டு உடைந்திருந்தன. தண்ணீர் ஊற்றிய இரண்டு அமர்வுகள் அடங்கிய 21 மணி நேரம் எந்த நாடாவிலும் இல்லை. அந்த 21 மணி நேரம்தான் என் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. சாட்சிக்கென்று வைத்த கேமராவும் அப்போது பார்க்கவில்லை.

அழிக்காதீர்கள் என்று 2003 பிப்ரவரியிலேயே அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜேன் ஹார்மன் கடிதம் எழுதியிருந்தார். செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணையம் விசாரணைப் பதிவுகளைக் கேட்டது. நாடாக்கள் இருப்பதையே அதற்குச் சொல்லவில்லை. 2005 நவம்பரில் ரகசியச் சிறைகளைப் பற்றிய செய்தி வாஷிங்டன் போஸ்ட்டில் வந்தது. அடுத்த வாரமே, நவம்பர் 9 அன்று, சி.ஐ.ஏ. அதிகாரி ஹோசே ரோட்ரிகஸின் உத்தரவுப்படி அத்தனையும் அரவை இயந்திரத்துக்குள் போயின. உத்தரவை எழுதிக்கொடுத்தவர் அவருடைய அலுவலகத் தலைமை அதிகாரி ஜீனா ஹாஸ்பல்.

2007 டிசம்பரில் விஷயம் வெளியே வந்தது. விசாரணையை விவரிக்கும் தந்திக் குறிப்புகள் இருக்கின்றனவே என்று சமாதானம் சொன்னார் அப்போதைய சி.ஐ.ஏ. இயக்குநர் மைக்கேல் ஹேடன். செனட் உளவுத்துறைக் குழு அவற்றைக் கேட்டு வாங்கிப் படித்தது. அந்த வாசிப்பு 6,700 பக்க அறிக்கையாக வளர்ந்தது. 2014இல் மக்கள் கைக்கு வந்தது 500 பக்கங்களுக்குச் சற்று மேலான சுருக்கம் மட்டுமே.

நாடாக்களை அழித்ததற்காக யார் மீதும் வழக்கில்லை என்று அமெரிக்க அரசின் நீதித் துறை அறிவித்தது, 2010 நவம்பர் 9 அன்று. அழித்து ஐந்து ஆண்டுகள் முடிந்து, வழக்குத் தொடரும் காலவரம்பு தீர்ந்த நாள் அது. ஹாஸ்பல் 2018இல் சி.ஐ.ஏ.வின் இயக்குநரானார். பிடிபட்டு இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அபு சுபைதா குவாண்டனாமோவில்தான் இருந்தார். அவர் மீது ஒரு குற்றச்சாட்டுகூடப் பதிவாகியிருக்கவில்லை.