கப்பல் இல்லாதபோது: 407ஆம் பிரிவும் கள்ளக்குறிச்சிச் சரக்கும்

2018 மே 21, 22 ஆகிய தேதிகளில் கரையோர வணிகத்தில் அயல்கொடிக் கப்பல்களுக்குத் தளர்வு தந்து மத்திய அரசு அடுத்தடுத்து வெளியிட்ட இரண்டு பொது ஆணைகளைப் பற்றிய விவாதத்தில், இந்தியக் கப்பல் உரிமையாளர் சங்கமும் அதையொட்டி எழுதியவர்களும் முன்வைத்த வாசிப்பே இன்றும் செல்வாக்குடன் இருக்கிறது. 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே செல்லும் சரக்கை இந்தியக் கொடிக் கப்பல்களுக்கென மதில் கட்டிக் காத்தது, 2018இல் அந்த மதில் இடிக்கப்பட்டது என்பது அந்த வாசிப்பின் சாரம். வரி பற்றி அது எழுப்பும் முறையீட்டில் நியாயம் உண்டு. இந்தியக் கொடி பறக்கும் கப்பல் சுமக்கும் வரிகள் பலவற்றை அயல்கொடிக் கப்பல் சுமப்பதில்லை. ஒரே கரையில் இரண்டையும் போட்டியிடச் சொல்வது சமமான போட்டியாகாது. ஆனால் வரலாற்றைப் பற்றி அது சொல்வது நிற்காது.

சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 407ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு அயல்கொடிக் கப்பலைத் தடைசெய்யவில்லை; கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரின் உரிமம் இல்லாமல் கரையோர வணிகத்தில் ஈடுபடக் கூடாது என்றுதான் சொல்கிறது. மூன்றாம் உட்பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. கரையோர வணிகத்தின் எந்தப் பகுதிக்கும் இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது என்றோ, நிபந்தனையுடன் பொருந்தும் என்றோ மத்திய அரசு பொது ஆணையாலோ தனி ஆணையாலோ அறிவிக்கலாம். இதற்குப் போர், புயல், பஞ்சம் எதுவும் முன்நிபந்தனை அல்ல. கரையோர வணிகத்தை உள்நாட்டுக் கப்பல்களுக்கு ஒதுக்கும் அமெரிக்காவின் 1920ஆம் ஆண்டு ஜோன்ஸ் சட்டத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். அங்கே விலக்கு தேசப் பாதுகாப்பின் பெயரில்தான் கிடைக்கும். 2017இல் மரியா புயலுக்குப் பிறகு போர்ட்டோ ரிக்கோவுக்குக் கிடைத்த விலக்கு பத்து நாள்களுக்கே நீடித்தது. நம் சட்டமோ விலக்கைத் தன் உடம்பிலேயே வைத்துக்கொண்டு பிறந்தது.

அப்படிப் பிறந்ததற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. கரையை அயல்கப்பல்களுக்குத் திறந்துவிட்ட 1850ஆம் ஆண்டுச் சட்டம், அதை மூட சாராபாய் ஹாஜி 1928இல் மத்தியச் சட்டசபையில் கொண்டுவந்து நிறைவேறாமல் போன மசோதா, முழு ஒதுக்கீட்டைப் பரிந்துரைத்த சர் சி. பி. இராமசாமி ஐயர் தலைமையிலான 1947ஆம் ஆண்டுக் குழு ஆகியவை அறிந்த செய்திகள். இவற்றில் ஓடும் ஒரே கவலை கப்பல் பற்றாக்குறை. 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கம்பெனிகூடச் சொந்தக் கப்பல் வாங்கும்வரை வாடகைக் கப்பலில்தான் ஓடியது. பம்பாய்க்காரர்கள் தந்த கப்பலைத் திரும்பப் பெற்றதும் கொழும்பிலிருந்து வேறொன்றை அமர்த்த நேர்ந்தது. முழு ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்த ஆண்டைப் பொதுவாக 1950 என்பர். அரசு கொள்கையை அறிவித்த நாளும் பிரிட்டிஷ் கப்பல்கள் கரையை விட்டு உண்மையில் விலகிய நாளும் ஒன்றல்ல என்பதால், 1950களின் தொடக்கம் என்று சொல்லி நிறுத்துவதே பாதுகாப்பு. கப்பல் போதாத நாடு எழுதிய ஒதுக்கீட்டுச் சட்டத்தில் விலக்குப் பிரிவு இடம்பெற்றது தற்செயலாக இருக்க முடியாது.

அந்தப் பிரிவு நடைமுறையில் எப்படி வேலை செய்தது? சரக்கு வைத்திருப்பவர் அயல்கப்பலை அமர்த்த விரும்பினால், முதலில் இந்திய உரிமையாளர்களிடம் கேட்க வேண்டும். தகுந்த கப்பல் உள்ளவருக்கு முதல் மறுப்புரிமை, அதாவது அந்தச் சரக்கை முதலில் ஏற்கவோ மறுக்கவோ உரிமை, உண்டு. யாரிடமும் இல்லையென்றால் சங்கம் தடையின்மைச் சான்று தரும். அதன்பேரில் தலைமை இயக்குநரகம் குறிப்பிட்ட காலத்துக்கோ பயணத்துக்கோ உரிமம் வழங்கும். ஆக, ‘கப்பல் இல்லை’ என்று சான்று தரும் இடத்தில் இருந்தது அந்தச் சரக்கை ஏற்றப் போட்டியிடும் தரப்பே. சங்கத்தின் வாசிப்பில் இந்த ஏற்பாடு சட்டத்தின் இயல்பாகவே தோன்றுகிறது. உண்மையில் அது நிர்வாக வழக்கம். 2018 ஆணைகள் பறித்தது ஒதுக்கீட்டை அல்ல. கேட்க வேண்டியிருந்த அந்தக் கேள்வியை. குறிப்பிட்ட சரக்கு வகைகளுக்குக் கப்பல் உண்டா இல்லையா என்ற விசாரணையே தேவையற்றதாயிற்று.

இங்கே நான் நின்று பார்க்க விரும்புவது ஒரு எண்ணை: ஐம்பது விழுக்காடு. 2012இல் கொச்சி வல்லார்பாடம் முனையத்துக்கு மூன்றாண்டுத் தளர்வு கிடைத்தபோது இந்த எண் இல்லை. 2015இல் கார் ஏற்றும் கப்பல், ரோ-ரோ, எல்.என்.ஜி. கப்பல் முதலிய சிறப்பு வகைகளுக்குத் தளர்வு வந்தபோது அளவுகோல் கப்பலின் வகை. 2016 மார்ச்சில்தான் ஐம்பது நுழைகிறது: கையாளும் கன்டெய்னர்களில் பாதியையாவது கப்பல் மாற்றி அனுப்பும் துறைமுகத்துக்கே தளர்வு. 2018 மே 21 ஆணை ஏற்றுமதி-இறக்குமதிக் கன்டெய்னர்களுக்கும் வெற்றுக் கன்டெய்னர்களுக்கும் அந்த நிபந்தனையைக் கைவிடுகிறது. மறுநாள் ஆணையில் அதே எண் வேறோர் இடத்தில் வந்து உட்காருகிறது. வேளாண்மை, தோட்டக்கலை, மீன்வளம், கால்நடைப் பொருள்கள் உரிமமின்றிப் போகலாம். ஆனால் கப்பலில் உள்ள மொத்தச் சரக்கில் அவை பாதியாவது இருக்க வேண்டும். உரத்துக்கும் அதே ஆண்டில் இதே மாதிரி தளர்வு வந்தது. துறைமுகத்தை அளந்த கோல் இப்போது கப்பலின் வயிற்றை அளக்கிறது. இரு ஆணைகளையும் ஒரே தாராளமயத்தின் இரு பக்கங்களாகப் படிப்பவர்கள் இந்த இடமாற்றத்தைக் கவனிப்பதில்லை.

இதன் விளைவைக் கரையில் நின்று பார்ப்பதைவிடக் கடலே இல்லாத கள்ளக்குறிச்சியிலிருந்து பார்ப்பது நல்லது. 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தில் கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் விளையும் மரவள்ளிக் கிழங்கு லாரியேறிச் சேலம் பக்கத்து ஆலைகளுக்குப் போய் ஜவ்வரிசியாகவும் ஸ்டார்ச்சாகவும் மாறுகிறது. அந்த ஜவ்வரிசியை விரத நாள்களில் உண்பவர்கள் பெரும்பாலும் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசத்து மக்கள். கொள்கையளவில் தூத்துக்குடியிலோ சென்னையிலோ ஏற்றி மேற்குக் கரையில் இறக்கக்கூடிய சரக்குதான். ஆனால் 20,000 டன் கொள்ளும் ஒரு கப்பலை எண்ணிப் பாருங்கள். பாதி என்றால் 10,000 டன். லாரிக்கு 20 டன் வீதம் 500 லாரிச் சரக்கு ஒரே வாரத்தில் ஒரே துறைமுகத்தில் குவிய வேண்டும். மூட்டைக் கணக்கில் ஏலம் போகும் பொருளுக்கு இது நடைமுறைக்கு ஒவ்வாத நிபந்தனை. உரத்தின் கதை வேறு. பொட்டாஷ் முழுவதும் இறக்குமதி. வாங்குபவர்கள் சில பெரிய நிறுவனங்கள். கப்பல் கணக்கிலேயே வருகிறது. பாதி என்ன, முழுக் கப்பலையும் நிரப்பலாம்.

ஆகவே இதே நிபந்தனை மாவட்டத்துக்குள் வரும் இடுபொருளுக்கு வழிவிட்டு, மாவட்டத்திலிருந்து வெளியேறும் விளைபொருளை லாரியிலேயே நிறுத்துகிறது என்பது என் வாதம். இதை மெய்ப்பிக்கச் சரக்குப் பட்டியல்கள் வேண்டும்; நான் சொல்வது ஆணையின் அமைப்பிலிருந்து பெற்ற அனுமானம். ஆனாலும் அதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உழவர் பெயரால் வந்த தளர்வு உழவர் சரக்கின் அளவைக் கணக்கில் கொள்ளவில்லை என்பது, சங்கம் சொல்லும் குற்றச்சாட்டைவிடக் கனமானது. மதில் இடிந்தது என்று அஞ்சியவர்களும் வழி பிறந்தது என்று மகிழ்ந்தவர்களும் அந்த வழியின் அகலத்தை அளக்கவில்லை.

2020 அக்டோபரில் முதல் மறுப்புரிமையின் வரிசை திருத்தப்பட்டு, இந்தியாவில் கட்டப்பட்ட கப்பலுக்கு முதலிடம் தரப்பட்டது. சில சரக்குகளுக்குக் கைவிட்ட கேள்வி மற்றச் சரக்குகளுக்குப் புது வடிவில் தொடர்ந்தது. 2025 ஆகஸ்ட்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற கரையோரக் கப்பல் போக்குவரத்துச் சட்டம், 1958 சட்டத்தின் அந்தப் பகுதிக்குப் பதிலாக வந்திருக்கிறது. இந்தியக் கப்பலுக்குக் கரையோர உரிமம் இனி வேண்டியதில்லை, அயல்கப்பலுக்கு வேண்டும். ஒதுக்கீட்டின் அடிப்படை இதில் மாறவில்லை. கப்பல் இல்லை என்பதை யார், எந்தச் சான்றின்பேரில் முடிவு செய்வது, எவ்வளவு சிறிய சரக்கு அந்த முடிவால் பயன்பெறும் ஆகிய இரண்டும் விதிகளிலும் ஆணைகளிலும்தான் தீர்மானமாகும். 407ஆம் பிரிவின் வரலாற்றை 2018இல் முடித்துவிடும் எந்த வாசிப்பையும் ஏற்கத் தயங்குவதற்கு இதுவே போதும்.