ஆட்டுத்தோலும் அம்பாசிடர் ஸ்பீக்கரும்

போன மாசம் ஆம்பூர் போயிருந்தப்ப அப்பாவோட காருக்குப் பின்பக்க ஸ்பீக்கர் ரெண்டையும் சப்-வூஃபரையும் மாத்திக் குடுத்தேன். பெங்களூர் ஜே.சி. ரோட்டுல வாங்கின புதுச் சரக்கு. பழசு மூணும் கம்பெனியிலேருந்து காரோடயே வந்தது. பதினஞ்சு வருஷ வெயில் குடிச்சு, ஓரத்துல இருக்கற ஃபோம் வளையம் தொட்டா மாவா உதிருது. அரை நாள் வேலை. முடிச்சுட்டுப் பாட்டைப் போட்டு, 'எப்பூடி'ங்கற மாதிரி அப்பா மூஞ்சியப் பாத்தேன்.

"பழசு கர்ருபுர்ருன்னு இருந்தாலும் தவில் சத்தம் இருந்துச்சு. இதுல தவிலக் காணோமேப்பா" ன்னார்.

அப்பா டேனரியில ஷேவிங் மிஷின் பக்கத்துலயே இருபத்தெட்டு வருஷம் நின்னவர். மிஷின் சத்தத்துல காது கெட்டா முதல்ல அடிவாங்கறது 4000 ஹெர்ட்ஸ் சுத்துவட்டாரம். கீழ்ஸ்தாயி ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். அதனால பாட்டுல அவருக்கு மிச்சம் இருக்கறதே தவிலும் பேஸும்தான். அதையும் நான் கழட்டி டிக்கியில போட்டுட்டேன்.

ஏன் இப்படி ஆச்சுன்னு தோண்டப் போனதுல நூறு வருஷத்துக்கு மேல பின்னாடி போயிட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு, காபியோட உக்காருங்க.

முதல்ல ஒரு கொசுவத்தி. 2004 வாக்குல, நான் ரெண்டாங்கிளாஸ். பெரியப்பாகிட்ட ஒரு அம்பாசிடர் இருந்துச்சு. பின்சீட்டுக்கு மேல கண்ணாடி ஓரமா ரெண்டு ஸ்பீக்கர். அதுல ஒண்ணு ஓரம் கிழிஞ்சு போய், ஆம்பூர் பஜார்ல ஒரு பாய் ரேடியோ ரிப்பேர் கடைக்குப் போனோம். பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, ஷூ லைனிங்குக்குப் போடற ஆட்டுத்தோல் துண்டு ஒண்ணை எடுத்து, வெளிச்சம் தெரியற அளவுக்குச் சீவி, வளையமா வெட்டி ஒட்டிட்டார். அதை இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல்ல எத்தனை தடவை ஜோக்கா சொல்லியிருப்பேன்! "எங்க ஊர்ல ஸ்பீக்கருக்கே செருப்பு தைப்பாங்க மச்சி."

இப்ப வரலாறு. காந்தத்துக்கு நடுவுல ஒரு காயில், அதுல கரண்டு போனா காயில் ஆடும், அது காத்தை ஆட்டும். இந்த யோசனை ரொம்பப் பழசு. ஜெர்மனியில எர்ன்ஸ்ட் சீமென்ஸ் 1874-லயும், இங்கிலாந்துல ஆலிவர் லாட்ஜ் 1898-லயும் இதுக்குப் பேட்டன்ட் வாங்கியிருக்காங்க. ஆனா ஊரைக் கூட்டற மாதிரி சத்தம் வந்தது 1915-லதான். கலிஃபோர்னியாவுல நாபாங்கற ஊர்ல டென்மார்க்காரர் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதமும் சேர்ந்து காயிலோட ஒரு பெரிய குழாயைப் பொருத்தி 'மேக்னவாக்ஸ்'னு பேர் வெச்சாங்க. லத்தீன்ல 'பெருங்குரல்'.

குழாய் இல்லாம, இன்னைக்கு நாம பாக்கற காகிதக் கோன் ஸ்பீக்கருக்கு இலக்கணம் எழுதினது ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாகும். வருஷம் 1925. அவங்க சொன்னதுல ரெண்டு விஷயம் நம்ம கதைக்கு முக்கியம். ஒண்ணு, கோனோட முன்பக்கக் காத்தும் பின்பக்கக் காத்தும் கலந்துடக் கூடாது. கலந்தா பேஸ் அடிபட்டுப் போகும், அதனால நடுவுல பலகை மாதிரி ஒரு தடுப்பு வேணும். ரெண்டு, கோனை ஓரத்துல பிடிச்சிருக்கற வளையம் ரொம்ப இளக்கமா இருக்கணும். காத்தையும் விடக் கூடாது, ஆட்டத்தையும் தடுக்கக் கூடாது.

அந்த வளையத்துக்கு என்ன பொருள்? 1920களின் கடைசியில வந்த பல டைனமிக் ஸ்பீக்கர்கள்ல மெல்லிசான, பதமான தோல்தான்! இதைப் படிச்சப்ப எனக்கு நெஜமாவே காது சுட்டுச்சு. பாய் ஒட்டுப்போடலை, ஒரிஜினல் டிசைனுக்கே திரும்பிப் போயிருக்கார். ஹாஸ்டல் ஜோக்கை இதோட வாபஸ் வாங்கிக்கறேன் :-)

பின்னாடி விலை குறையணுமேன்னு கோனையும் ஓரத்தையும் ஒரே காகிதக் கூழ்ல மடிப்பு மடிப்பா அச்சு வார்த்தாங்க. பெரியப்பா கார்ல கிழிஞ்சது அந்த ரகம். 1954-ல அமெரிக்காவுல எட்கர் வில்ச்சர், மூடின பெட்டிக்குள்ள இருக்கற காத்தையே ஸ்பிரிங்கா வெச்சு சின்னப் பெட்டியில பெரிய பேஸ் கொண்டுவந்தார். அதுக்கு ஓரம் இன்னும் இளகணும். அப்புறம் ஃபோம் வந்தது. லேசு, மலிவு, நல்லாவும் ஆடும். ஆனா பாலியூரித்தேன் ஃபோமுக்கு மூணு எமன்: ஈரம், சூடு, வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர். சாய்வான பின்கண்ணாடிக்கு நேர் கீழ, அதுவும் வேலூர்ப் பக்கத்து அக்னி நட்சத்திரத்துல வெச்சா என்ன ஆகும்? மாவுதான்.

அப்புறம் எதுக்கு எல்லாரும் அங்கயே கொண்டுபோய் வெச்சாங்க? கார்ல ரேடியோ வந்த கதையையும் பாத்துடலாம். 1930-ல பால் கால்வின் தன்னோட சொந்தக் கார்ல ஒரு செட்டை மாட்டிக்கிட்டு அட்லாண்டிக் சிட்டியில நடந்த ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாட்டுக்குப் போய், வாசல்லயே நிறுத்திப் பாட விட்டு ஆர்டர் பிடிச்சார். மோட்டரோலாங்கற பேர் அப்படிப் பொறந்ததுதான். அப்பல்லாம் வால்வு செட்டு, கார் பேட்டரி 6 வோல்ட். ஸ்பீக்கர் முன்னாடி மட்டும்தான். 1955-ல கிரைஸ்லர் முழுசா டிரான்சிஸ்டர்ல ஓடற கார் ரேடியோவைக் கொண்டுவந்தாங்க. ஃபோர்டு 1966 மாடல் கார்கள்ல எய்ட்-ட்ராக் டேப் குடுத்தப்ப கூடவே ஸ்டீரியோவும் வந்தது. பிலிப்ஸ் 1963-ல அறிமுகப்படுத்தின கேசட் அப்புறம் எல்லாத்தையும் முழுங்கிடுச்சு.

ஸ்டீரியோன்னா ஸ்பீக்கர் கூடணும். டேஷ்போர்டுல இடமில்ல. கதவுல கண்ணாடி இறங்கும், மழைத்தண்ணியும் இறங்கும். பின்சீட்டு மேல இருக்கற தட்டு ஒண்ணுதான் அகலமா சும்மா கிடந்தது. அதுக்குக் கீழ டிக்கி. ரைஸும் கெல்லாகும் கேட்ட தடுப்புப் பலகை காசில்லாமக் கிடைச்ச மாதிரி. டிக்கி மூடியிருந்தா அதுவே பெட்டி. நம்ம அம்பாசிடர் (1958 வாக்குல ஆரம்பிச்சு 2014-ல நின்னது) இதுக்கு லட்டு மாதிரி வண்டி, டிக்கியில ஒரு குடும்பம் நடத்தலாம். 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தப்ப டிக்கியே தனியா இல்ல. ப்ளைவுட்ல தட்டு செஞ்சு ஆறுக்கு ஒன்பது அங்குல முட்டை ஸ்பீக்கரை மாட்டினாங்க. வாணியம்பாடியிலேருந்து ராணிப்பேட்டை வரைக்கும் அந்தத் தட்டு தடதடக்காத மாருதியை நான் பாத்ததில்ல.

அதே 1983-லதான் என் தலைவலிக்கும் விதை விழுந்தது. ஜெனரல் மோட்டார்ஸோட சில சொகுசுக் கார்கள்ல, அந்த வருஷ மாடல்லேருந்து, போஸ் கம்பெனி ஒரு சிஸ்டம் குடுத்தாங்க. (அமர் போஸ் எம்.ஐ.டி. பேராசிரியர், அவங்கப்பா வங்காளத்துலேருந்து போன சுதந்திரப் போராட்டக்காரர்.) ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி ஆம்ப், அந்தந்தக் கார் மாடலுக்குன்னே அளந்து திருத்தின ஒலி. ஸ்பீக்கர், ஆம்ப், கார் மூணும் ஒரே மிஷினாயிடுச்சு. அதுக்கப்புறம் மத்த கம்பெனிகளும் இந்த வழிக்கு வந்தாங்க. கேக்க அருமையா இருக்கும். ஆனா ஒண்ணை மட்டும் உருவிட்டு வேற மாட்டினீங்கன்னா மத்த ரெண்டும் கோவிச்சுக்கும்.

என் கார்ல நடந்ததும் இதுவே. மல்டிமீட்டர்ல பழைய சப்-வூஃபர் காயில் 1.7 காட்டுச்சு, அதாவது 2 ஓம் ரகம். நான் வாங்கினது 4 ஓம். அதே வோல்டேஜுக்குப் பவர் பாதி. போதாக்குறைக்கு அது பெட்டிக்குள்ள போடறதுக்குன்னு செஞ்ச ரகம், திறந்த தட்டுல வெச்சா அடி சுருதி வராது. (பெட்டியும் ஸ்பீக்கரும் சேர்ந்து எப்படி ஒலிக்கும்னு கணக்காப் போட்டுக் காட்டினது ஆஸ்திரேலியாவுல வேலை பாத்த நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும். தீல் 1961-ல, ஸ்மால் 1970களின் ஆரம்பத்துல.) ஓட்டையும் அரை அங்குலம் பெருசு, முன்காத்தும் பின்காத்தும் கைகுலுக்கிட்டு இருந்திருக்கு.

இது பத்தாதுன்னு நான் பண்ணின கூத்து ஒண்ணு. கருப்பு ஒயர்தான் மைனஸ்னு நம்பி இடது ஸ்பீக்கரை மாட்டிட்டேன். அந்தக் கார்ல அப்படி இல்ல. ஒரு கோன் வெளிய தள்ளும்போது இன்னொண்ணு உள்ள இழுக்குது, பேஸ் ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சு சைபர். ஒன்றரை வோல்ட் பென்சில் செல்லை ஒரு நொடி தொட்டுப் பாத்தா எந்தக் கோன் எந்தப் பக்கம் குதிக்குதுன்னு தெரிஞ்சுடும். பத்து ரூபா சமாச்சாரம், சாப்ட்வேர் இன்ஜினியருக்கு நாலாவது நாள்தான் தோணுச்சு. டெர்மினல் எல்லாம் வேற கருத்துக் கிடந்தது. டேனரியில முடி நீக்கறதுக்குச் சுண்ணாம்போட போடற சோடியம் சல்ஃபைடுலேருந்து வர்ற வாயு தாமிரத்தையும் வெள்ளியையும் கருக்கிடும். அப்பா வண்டியை நிறுத்தறதே டேனரி சுவரோரமா. உப்புத்தாள் போட்டுத் தேச்சேன்.

பழைய சப்-வூஃபரை எடுத்துக்கிட்டு பஜாருக்குப் போனோம். பாய்க்கு இப்ப எழுபதுக்கு மேல இருக்கும், கடையில பாதி செல்போன் கவர். கோனை ரெண்டு கட்டைவிரலால மெதுவா அமுக்கி, காதுகிட்ட வெச்சுக் கேட்டார். "காயில் நல்லாருக்கு தம்பி. ஓரந்தான் போச்சு. நல்ல துண்டு ஒண்ணு கொண்டாங்க."

அங்க எங்கப்பா கெத்து காட்டினார். அந்தக் காலத்துல ஆவாரம்பட்டையில பதம் போட்ட தோல்தான் இங்கேருந்து லண்டனுக்குப் போகும். 1973-ல அரசாங்கம் அரைகுறையாப் பதப்படுத்தின தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினப்புறம் ஊரே குரோம் பதத்துக்கு மாறிடுச்சு. பட்டைத்தோல் விறைப்பு, சூட்டுல சுருங்கும். நல்ல குரோம் தோல் கொதிக்கிற தண்ணியில போட்டாலும் சுருங்காது. அப்பா நாலு துண்டு கொண்டாந்து, அம்மாவோட டீ பாத்திரத்துல போட்டு (திட்டு வாங்கினது தனிக்கதை) சுருங்காத ஒண்ணை எடுத்து, விரலால உருட்டிப் பாத்து, "இது" ன்னார். ஷேவிங் மிஷின்ல அரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்ததும் அவரோட பழைய சிநேகிதர்தான்.

தோல் வளையம் ஃபோம் மாதிரி ரொம்ப தூரம் ஆடாது. சத்தம் அதிகம் வெச்சா கோன் இழுத்துப் பிடிக்குது, அடி சுருதி முன்னைக்கு ஒரு படி மேலதான் நிக்குது. பாய் முன்கூட்டியே சொல்லிட்டார். பின்பக்க ரெண்டும் புதுசே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை வேலூருக்குப் போனோம். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டினதும் அப்பா ஒண்ணும் சொல்லாம வால்யூமை ரெண்டு புள்ளி ஏத்தினார். தவில் வந்துச்சு. கூடவே பின்னாடி நம்பர் பிளேட்டும் தாளம் போடுது, அடுத்த தடவை போறப்ப வாஷர் வாங்கிட்டுப் போகணும்.