கல்முனைக் கரையும் உடன்படிக்கைகளும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே கடலோரமாகச் செல்லும் பெருவழியில் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. மருதமுனை முஸ்லிம்களின் நெசவூர். அதனை அடுத்த பாண்டிருப்பு, திரௌபதை அம்மன் தீமிதிப்புக்குப் பேர்பெற்ற தமிழூர். காரைதீவு விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர். அதற்கப்பால் நிந்தவூர் மீண்டும் முஸ்லிம் ஊர். இரு சாராரும் தாய்வழிக் குடிமுறை உடையவர். வீடு மகளுக்கே சீதனமாகச் செல்லும். கோயிலில் வண்ணக்கர், பள்ளிவாசலில் மரைக்காயர் என்று குடிக்குரிய பொறுப்பாளரை வைக்கும் வழக்கமும் ஒத்ததே. பேசுவதும் ஒரே தமிழ். இவ்வளவிருந்தும் அரசியலிலே இணக்கம் ஏன் அரிதாயிற்று என்பதை, நேயர்களே, இன்று சிறிது ஆராய்வோம்.

1956ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தமிழரசுக் கட்சி வென்ற 10 ஆசனங்களுள் இரண்டு இக்கரையைச் சேர்ந்தவை. கல்முனையில் எம். எஸ். காரியப்பரும், பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் அக்கட்சியின் சார்பில் நின்று வெற்றி பெற்றனர். ‘தமிழ் பேசும் மக்கள்’ என்று செல்வநாயகமும் அவர் கட்சியினரும் வழங்கிய தொடர், சமயத்தைக் கேளாது மொழியை மட்டும் கேட்டது. ஆயினும் இருவரும் பின்னர் அரசாங்கத்தின் பக்கம் சென்றனர். இதனைத் துரோகம் என்று கூறிவிடுதல் எளிது. வாய்க்கால் நீரும் பாடசாலையும் வீதியும் கொழும்பு அமைச்சர்களின் கையில் இருந்த காலம் அது என்பதையும் நாம் மறத்தலாகாது.

1957 யூலை 26இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்த உடன்படிக்கை, பலரும் எண்ணுவதிலும் நுட்பமானது. வட மாகாணம் ஒரு பிரதேசம். கிழக்கு மாகாணம் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிரதேசங்கள். விரும்பிய பிரதேசங்கள் மாகாண எல்லை கடந்தும் இணையலாம்; பாராளுமன்ற ஒப்புதலுடன் ஒரு பிரதேசம் பிரியவும் செய்யலாம். கூடுவோர்க்கும் தனித்திருப்போர்க்கும் ஒருங்கே கதவு திறந்துவைத்த ஏற்பாடு இது. குடியேற்றத் திட்டங்களில் காணி பெறுவோரைத் தெரியும் அதிகாரமும் பிரதேச சபைகளுக்கே உரியதாக இருந்தது. ஆனால், கல்லோயாச் சபையின் ஆட்சிக்குட்பட்ட பகுதியை மட்டும் பின்னர் ஆராய வேண்டிய விடயம் என்று ஒதுக்கிவிட்டனர். கல்முனைக் கரையாரின் வயல்கள் மேற்கே கல்லோயாப் பக்கம் பரந்து கிடப்பவை. அவர்களுக்கு இன்றியமையாத வினா எதுவோ அதுவே விடையின்றி நின்றது! அன்றியும், முஸ்லிம்கள் தனியொரு தரப்பாக அதில் இடம்பெறவில்லை. 1958 ஏப்ரில் 9இல் பிக்குகள் பிரதமரின் இல்லத்தின் முன் திரண்டபோது அவ்வுடன்படிக்கை கைவிடப்பட்டது.

கைச்சாத்திடும் மேசையில் மூன்றாமவர்க்கு இடமின்மை மீண்டும் மீண்டும் நேர்ந்தது. 1987ஆம் ஆண்டு இந்திய இலங்கை ஒப்பந்தம் கிழக்கை வடக்குடன் இணைக்க வழிசெய்தது. அதிலும் முஸ்லிம்கள் தரப்பல்லர். கல்முனையில் வளர்ந்த சட்டத்தரணி எம். எச். எம். அஷ்ரஃபின் முஸ்லிம் காங்கிரஸ் வேரூன்றியதற்கு இது பெரிதும் துணைசெய்தது. 1990இல் பள்ளிவாசலிலும் கோயிலிலும் குருதி சிந்தியது. அவ்வாண்டின் நினைவு இன்னும் ஆறவில்லை. 2004இல் ஆழிப்பேரலை நாட்டிலேயே அம்பாறை மாவட்டத்தில்தான் மிகுதியான உயிர்களைக் கொண்டது. மறு ஆண்டு செய்யப்பட்ட நிவாரணக் கட்டமைப்பில் பிரதேசக் குழுவின் பத்து இடங்களில் மூன்று முஸ்லிம்களுக்கு உரியவை. ஆனால் ஒப்பமிட்டோர் அரசும் புலிகளுமே. உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் அதுவும் செயற்படாதொழிந்தது.

எனினும், அதிகம் பேசப்படாத ஓர் இணக்கத்தை இங்கே குறிப்பிடுதல் தகும். 2012ஆம் ஆண்டுக் கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 11 ஆசனங்களையும் முஸ்லிம் காங்கிரஸ் 7 ஆசனங்களையும் பெற்றன. 2015 பெப்ருவரியில் முஸ்லிம் காங்கிரசின் நஸீர் அஹமட் முதலமைச்சரானார். பதினொருவரை உடைய கூட்டமைப்போ கல்வி, விவசாயம் ஆகிய அமைச்சுக்களுடன் அமைந்தது. எண்ணிக்கையில் மிக்கவர் விட்டுக்கொடுத்தது தமிழர் பலருக்கு உவப்பாக இருக்கவில்லை. ஆயினும் 2017 செப்டெம்பரில் சபையின் காலம் முடியும்வரை அக்கூட்டு நிலைத்தது.

கல்முனையின் உள்ளேயோ வேறு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வடக்கு உப பிரதேச செயலகத்தை முழுச் செயலகமாகத் தரமுயர்த்துமாறு தமிழர் கேட்டனர். நகரமும் கடைத்தெருவும் எப்பக்கம் போகும் என்று முஸ்லிம்கள் அஞ்சினர். 2019 யூன் மாதத்தில் அச்செயலகத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தனர். அதற்கெதிராக மறுதரப்பாரும் அமர்ந்தனர். இரு பந்தல்களும் ஒரே நகரில் இருந்தன.