சித்தப்பா எழுதாத பரீட்சை

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து சேலம் கோர்ட்டுக்கு முப்பது வருஷமாகப் பஸ்ஸில் போய்வந்தவர் என் சித்தப்பா. வக்கீல் குமாஸ்தா. முன்சீப் கோர்ட்டுத் தீர்ப்புக்கு மாவட்ட நீதிமன்றத்தில் அப்பீல் போட 30 நாள், ஹைகோர்ட்டுக்கு என்றால் 90 நாள் என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்திலும் வரும். போன வருஷம் அவருடைய வக்கீல் இறந்துபோனார். வேறொரு ஆபீசில் வேலை கேட்டபோது முதல் கேள்வி, "என்ன படிச்சிருக்கீங்க?" பத்தாவது என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆறு வாரம் படித்து எழுதிய ஒரு கிளவுட் சான்றிதழால் சம்பள உயர்வு வாங்கியவன் நான். அமெரிக்காவில் வக்கீல்களின் உதவியாளர்களுக்கு 1976 முதலே சான்றிதழ்த் தேர்வு இருக்கிறது. இங்கே ஏன் இல்லை என்று தேடப் போனால், நம்மூரில் ஒரு காலத்தில் இதைவிடப் பெரிய கதவே திறந்திருந்தது தெரிந்தது.

தஞ்சைப் பக்கம் கிராமக் கணக்குப்பிள்ளையிடம் மாதம் ஒரு ரூபாய்க்கு எடுபிடி வேலை பார்த்த பையன் முத்துசாமி ஐயர். 1856-இல் அரசு நடத்திய பிளீடர் தேர்வில் முதலாவதாக வந்தார். 1877-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி.

சேலத்திலேயே ஒரு கதை உண்டு. ஆசிரியராக இருந்த சி. விஜயராகவாச்சாரியார் சட்ட வகுப்புக்கே போகாமல், தானாகப் படித்துத் தேர்வெழுதி 1881-இல் பிளீடர் ஆனார். அடுத்த வருஷமே சேலம் கலவரத்தைத் தூண்டியதாக அவருக்குப் பத்தாண்டு தண்டனை. மேல்முறையீட்டில் விடுதலையானார். 1920 நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை வகித்தவரும் இவரே.

1879-ஆம் ஆண்டுச் சட்டம் வக்கீல், பிளீடர், முக்தியார் என்று பல படிகளை வைத்திருந்தது. பிளீடருக்கும் முக்தியாருக்கும் தேர்வு வைக்கும் விதிகளை உயர் நீதிமன்றங்கள் வகுத்தன. 1961-இன் வழக்கறிஞர் சட்டம் படிகளை அகற்றி, எல்லாரையும் ஒரே வகுப்பாக்கியது. சமத்துவத்துக்காகச் செய்தது, சரியான காரியம்தான். பழைய பிளீடர்கள் தொழிலைத் தொடரலாம், ஆனால் புதிதாக வருபவருக்குச் சட்டப் பட்டம் கட்டாயம். கல்லூரிக்குப் போக முடியாதவன் ஏறிவந்த ஏணியும் அதோடு போய்விட்டது.

பிறகு 1999-இல் தமிழ்நாட்டில் குமாஸ்தாக்களுக்கு நல நிதிச் சட்டம் வந்தது. வயதானால் ஏதோ கைக்கு வரும். 'இந்த ஆளுக்கு வேலை தெரியும்' என்று அதில் எங்கும் எழுதியிருக்காது.

தேர்வு என்றாலே வடிகட்டும் சல்லடை என்று நாம் பயப்படுகிறோம், நியாயமான பயம். ஆனால் முத்துசாமி ஐயருக்கு அது சாட்சியாக நின்றது. ஆறு வாரம் படித்தவனுக்குக் கிடைக்கும் காகிதம் முப்பது வருஷம் செய்தவருக்குக் கிடைக்காமல் போவது என்ன நியாயம்?

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்தபடி கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நாளைக்கே வெக்கச் சொல்லுடா, எழுதிடுறேன். பேனா மட்டும் நீ வாங்கிக் குடு."