மருந்து விலையை நிர்ணயித்த சட்டம்

மருந்தின் விலையை ஆய்வகச் செலவு மட்டும் தீர்மானிப்பதில்லை; சட்டமும் தீர்மானிக்கிறது. இந்தியாவின் வரலாறே இதற்குச் சான்று. 1911-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் காலச் சட்டம் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை தந்தது. விடுதலைக்குப் பிறகும் மருந்துச் சந்தை வெளிநாட்டு நிறுவனங்களின் பிடியிலேயே இருந்தது. நீதிபதி என். ராஜகோபால அய்யங்காரின் 1959 அறிக்கையை அடியொற்றி வந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டம், மருந்தின் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை என்றது. அதே மருந்தை வேறு வழியில் தயாரிக்க உள்ளூர் நிறுவனங்களுக்கு வழி பிறந்தது. அதன் பலன் உலகுக்கே தெரிந்தது: மேலைநாடுகளில் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆன எச்.ஐ.வி. கூட்டு மருந்தை, 2001-இல் இந்திய நிறுவனமான சிப்லா 350 டாலருக்குத் தர முன்வந்தது.

லாபம் இல்லையென்றால் ஆராய்ச்சிக்கு யார் பணம் போடுவார்கள் என்ற கேள்வி நியாயமானதே. 2005-இல் இந்தியாவும் பொருள் காப்புரிமைக்குத் திரும்பியது. ஆனால் காப்புரிமை பெற்றவரின் சம்மதமின்றியே வேறொருவர் தயாரிக்க அனுமதிக்கும் கட்டாய உரிமம் என்ற அரணைக் கைவிடவில்லை. பேயர் நிறுவனத்தின் நெக்சவார் என்ற புற்றுநோய் மருந்துக்கு மாதம் சுமார் 2,80,000 ரூபாய் ஆனது. 2012-இல் இந்த உரிமம் பெற்ற ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் அதை 8,800 ரூபாய்க்குத் தர வேண்டும், விற்பனையில் 6 சதவீதம் பேயருக்குச் செலுத்த வேண்டும் என்பது நிபந்தனை. கண்டுபிடித்தவருக்கும் பங்கு கிடைக்கும், நோயாளிக்கும் மருந்து எட்டும். இரண்டும் ஒருசேர முடியும் என்றால், எட்டாத விலையை விதியென்று ஏற்க நமக்குக் காரணமில்லை.